கடல்வாயில்களும் பழைய பூமியின் காலநிலையும்: முகத்துவாரத்தில் தொடங்கும் ஒரு வழிகாட்டி

முதல் படி: ஆற்றுவாயில் நின்று பாருங்கள்

மலைநாட்டில் நல்ல மழை பெய்து ஓரிரு நாள் ஆனபின் கொழும்பு முகத்துவாரத்துக்குப் போங்கள். களனி ஆறு பால் விட்ட தேநீர் நிறத்தில் வந்து கடலில் விழும். ஆனால் உடனே கலந்துவிடாது. பழுப்பு நீர் பாய் விரித்த மாதிரி மேலே கிடக்கும்; அதன் ஓரத்தில் பச்சைக் கடல் தொடங்கும் இடம் கோடு கீறியதுபோல் தெரியும். நன்னீர் இலேசானது, உப்புநீர் பாரமானது. அதனால்தான் ஒன்று மேலே, ஒன்று கீழே.

இதன் மறுபக்கத்தை வரட்சிக் காலத்தில் பார்க்கலாம். ஆற்றில் நீர் குறைந்ததும் கடல்நீர் ஆற்றின் அடிப்பக்கமாக உள்ளே நுழைந்து, மேலே ஓடும் ஆற்றுக்கு எதிர்த்திசையில் ஊர்ந்து, அம்பத்தலை வரை ஏறப் பார்க்கும். கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் இடம் அது. ஆகவே ஆற்றுக்குக் குறுக்கே தடுப்புப் போட வேண்டியிருக்கிறது. அந்தத் தடுப்பு ஆறு முழுவதையும் அடைக்கத் தேவையில்லை. அடியில் வருவதை மறித்தால் போதும்.

இந்த இரண்டு காட்சியையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும். இரண்டு கடல்களை இணைக்கும் இடுக்கைக் கடல்வாயில் என்று சொல்வோம். பாக்கு நீரிணை ஒன்று, அத்திலாந்திக்கையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் ஜிப்ரால்டர் ஒன்று. கண்டங்கள் நகர்வதால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் இப்படியான வாயில்கள் திறந்தும் மூடியும் வந்திருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் வெப்பமும் உப்பும் போகும் பாதை மாறியது. புதிதாகப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: வாயில் திறந்ததா, மூடியதா? அதைவிட முக்கியமான கேள்வி, வாசற்படி, அதாவது வாயிலின் அடியில் குறுக்கே உயர்ந்து நிற்கும் கடலடி, எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பது. ஆழமான நீர் தாண்ட முடியாத படி இருந்தால், வரைபடத்தில் வாயில் அகலமாகத் தெரிந்தாலும் பாதிக் கதவு மூடியதாகவே கணக்கு.

இரண்டாம் படி: ஒரு பூகோள உருண்டை, ஒரு தையல் டேப்

புறக்கோட்டையில் பள்ளிக்கூடச் சாமான்கள் விற்கும் கடைகளில் சிறிய பூகோள உருண்டை கிடைக்கும். தட்டையான சுவர்ப்படம் இதற்குச் சரிவராது. அதில் அந்தாட்டிக்கா கீழே இழுபட்டு ஒரு வெள்ளைப் பட்டையாகத்தான் தெரியும். அதைச் சுற்றிக் கடல் ஒரு வளையமாக ஓடுவது கண்ணில் படாது. உருண்டையைத் தலைகீழாகத் திருப்பி, அந்தாட்டிக்காவை நடுவில் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். இந்தப் படிப்பில் நீங்கள் செய்யப்போகும் மிகப் பயனுள்ள வேலை அதுதான்.

பிறகு சிறு ஒட்டுத்தாளால் இந்த இடங்களைக் குறியுங்கள்: தென்னமெரிக்காவின் வால்நுனிக்கும் அந்தாட்டிக்காவுக்கும் நடுவே டிரேக் நீரிணை, தஸ்மேனியாவுக்குத் தெற்கே தஸ்மன் வாயில், பனாமா, நியூ கினிக்கும் போர்னியோவுக்கும் இடைப்பட்ட இந்தோனேசியத் தீவுகள், ஜிப்ரால்டர், அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே பெரிங்.

அடுத்தது காலம். கோடி ஆண்டு, மில்லியன் ஆண்டு என்று வாசித்துக்கொண்டே போனால் எல்லாம் ஒரே மாதிரித்தான் கேட்கும். தையல்காரர் பயன்படுத்தும் 150 சென்ரிமீற்றர் டேப் ஒன்றை எடுத்து, ஒரு சென்ரிமீற்றர் என்பது 10 இலட்சம் ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சியம் இன்றைய நாள். சுமார் 130 இல் இலங்கையும் இந்தியாவும் அந்தாட்டிக்காவை விட்டுப் பிரிகின்றன. (நம் மலைநாட்டுப் பாறைகளுக்கு இன்றும் அந்தாட்டிக்காவில் உறவுப் பாறைகள் உண்டு.) 66 இல் டைனோசர்கள் முடிகின்றன. 34 இல் அந்தாட்டிக்காவில் பெரும் பனிப்படலம் உருவாகிறது. 6க்கும் 5.3க்கும் இடையில் மத்தியதரைக் கடல் உப்பளமாகிறது. 3க்குப் பக்கத்தில் பனாமா மூடுகிறது. பாக்கு நீரிணை கடைசியாகக் காய்ந்து கிடந்த 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய காலம் எங்கே என்று கேட்டால், பூச்சியத்திலிருந்து ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு. பேனை முனையால் புள்ளி வைத்தால் அந்தப் புள்ளிக்குள்ளேயே போய்விடும்.

மூன்றாம் படி: ஐஸ்கிறீம் பெட்டியில் ஒரு நீரிணை

இதைச் செய்யாமல் தாண்டிப் போக வேண்டாம் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன். வாசித்து விளங்குவது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு.

இரண்டு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டி ஒன்று. உள்ளே கண்ணாடிபோல் தெரிகிற பிளாஸ்ரிக் பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. நடுவில் குறுக்குச் சுவராக ஒரு பழைய பைல் அட்டையை வெட்டி நிறுத்தி, ஓரங்களைப் பிள்ளைகள் விளையாடும் களியால் நீர் ஒழுகாமல் அடையுங்கள். சுவரில் இரண்டு துளை: ஒன்று அடிக்குச் சற்று மேலே, மற்றது நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே. இரண்டையும் களியால் மூடிவையுங்கள். ஒரு பக்கம் சாதாரண நீர். மறுபக்கம் ஒரு லீற்றருக்கு 70 கிராம் அளவில் உப்புக் கரைத்து, நிறத்துக்குப் பால் விடாத தேநீர்ச் சாயம் கலந்த நீர். கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம்தான் இருக்கும்; விளைவு தெளிவாகத் தெரிவதற்காக இரட்டிப்பு. இரண்டு பக்கமும் மட்டம் சமமாக இருக்கட்டும். இப்போது இரண்டு துளையையும் ஒன்றாகத் திறவுங்கள்.

உயர்தரம் படிக்கும் என் அக்காவின் மகளோடு இதை முதல் தடவை செய்தபோது சாயத்தை ஆறவிடாமல் சுடச்சுட ஊற்றிவிட்டோம். உப்பும் குறைவாகவே போட்டிருந்தோம். நிறநீர் மேல் துளையால் போனது. உப்புநீர் அடியால் போகும் என்று சொல்லிவைத்திருந்த எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது: சூடு நீரை இலேசாக்குகிறது, உப்பு பாரமாக்குகிறது, அன்று சூடு வென்றுவிட்டது. கடலிலும் இந்த இழுபறி ஓயாமல் நடக்கிறது. அடுத்த தடவை நன்றாக ஆறவைத்து, உப்பைக் கூட்டி ஊற்றினோம். "மாமா, அடியால போகுது, பாருங்கோ!" மங்கிய மண்ணிறப் பட்டை ஒன்று அடித்துளை வழியே நாக்குப்போல் நீண்டு, பெட்டியின் அடியில் பரவியது. அதே நேரம் மேல்துளையால் தெளிந்த நீர் எதிர்ப்பக்கம் வந்து நிறநீரின்மேல் படிந்தது.

இதே பரிசோதனையை இத்தாலியரான லூயிஜி மார்சிலி 17ஆம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார். 1679 இல் இஸ்தான்புல் போனவர், பொஸ்பரஸ் நீரிணையில் மேலே ஒரு பக்கமும் அடியில் எதிர்ப்பக்கமும் நீர் ஓடுவதாக மீனவர்கள் சொல்லக் கேட்டார். அளந்து பார்த்தார், பெட்டியில் செய்து காட்டினார், 1681 இல் எழுதி வெளியிட்டார்.

பெட்டி இன்னும் மேசையில் இருக்கும்போதே அடித்துளையை மட்டும் களியால் மூடிப் பாருங்கள். உப்புநீர் பாதி ஆழத்துக்குமேல் நிரம்பிக் கிடந்தாலும் அப்படியே தேங்கி நிற்கும். வாசற்படி உயர்ந்துவிட்டது.

நான்காம் படி: டிரேக் நீரிணையும் பனிக் கண்டமும்

இந்தத் துறையின் பெரிய கதை இது. நேரம் எடுத்துப் படியுங்கள்.

5.2 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தாட்டிக்காவின் கரையோரத்தில் பனைக் குடும்பத்து மரங்கள் நின்றன. 2010 இல் வில்க்ஸ் லேண்ட் கரைக்கு அப்பால் கடலடியைத் துளைத்தவர்களுக்கு அவற்றின் மகரந்தம் கிடைத்தது. அந்தக் கண்டம் அப்போதும் ஏறத்தாழ இதே துருவத்தில்தான் இருந்தது. ஆகவே துருவத்தில் இருப்பது மட்டுமே உறைவதற்குக் காரணம் ஆகாது. 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன், சில இலட்சம் ஆண்டுகளுக்குள், அங்கே கண்டம் அளவு பனி படர்ந்தது. ஏன்?

1977 இல் கடற்புவியியலாளர் ஜேம்ஸ் கென்னட் சொன்ன விடை இது. அவுஸ்திரேலியா வடக்கே விலகித் தஸ்மன் வாயில் திறந்தது. தென்னமெரிக்கா விலகி டிரேக் திறந்தது. அதனால் அந்தாட்டிக்காவைச் சுற்றி ஒரு நீரோட்டம் தடையில்லாமல் வட்டமிடத் தொடங்கியது. வடக்கிலிருந்து வரும் சூடான நீர் கரையை நெருங்க முடியாமல் போனது. கண்டம் தனிமைப்பட்டு உறைந்தது.

இதையும் வீட்டில் பார்க்கலாம். ஒரு வட்டமான பேசின், நடுவில் ஐஸ்கட்டி போட்ட பாரமான கிண்ணம், நீர்மேல் கொஞ்சம் மிளகுத்தூள். பேசின் விளிம்புக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இரண்டு இடத்தில் செங்கல் துண்டு வைத்து அடையுங்கள். ஒன்று தென்னமெரிக்கா, மற்றது அவுஸ்திரேலியா. ஸ்ரோ ஒன்றால் ஒரே திசையில், விளிம்பை ஒட்டி, மெதுவாக ஊதுங்கள். மிளகு செங்கலில் மோதித் திரும்பிக் கிண்ணத்துப் பக்கம் வரும். ஒரு செங்கலை எடுங்கள். இன்னும் பெரிதாக எதுவும் மாறாது. இரண்டாவதையும் எடுத்துவிட்டு ஊதினால், மிளகு கிண்ணத்தைச் சுற்றி வளையமாக ஓடத் தொடங்கும். பூமி சுழல்கிறது, பேசின் சுழலவில்லை. அதனால் இதை முழு மாதிரி என்று எடுக்கக்கூடாது. ஆனால் இரண்டு வாயிலும் திறந்திருந்தால்தான் வளையம் முழுமையாகும் என்பதைப் பிள்ளைகூடப் பிடித்துக்கொள்ளும்.

இன்று அந்த நீரோட்டம் எவ்வளவு பெரியது? கடலியலாளர்கள் ஸ்வேர்ட்ரப் என்ற அலகில் அளப்பார்கள். ஒரு ஸ்வேர்ட்ரப் என்றால் வினாடிக்கு 10 இலட்சம் கனமீற்றர். உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்தாலும் ஒன்றைச் சற்றுத்தான் தாண்டும். சுமார் 800 கிலோமீற்றர் அகலமான டிரேக் நீரிணையால் போவது 130க்கும் மேல். அது மேற்பரப்பில் மட்டும் ஓடுவதில்லை, கடலடிவரை இறங்கியிருக்கிறது. அதனால்தான் ஆழம் இங்கே உயிர்நாடி.

சரி, கதை அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. தஸ்மன் வாயில் ஆழமானது ஏறத்தாழ 3.5 கோடிக்கும் 3.3 கோடிக்கும் இடையில் என்பதற்கு, 2000 இல் தஸ்மேனியாவுக்கு அப்பால் நடந்த துளையிடல் நல்ல ஆதாரம் தந்தது. ஆனால் டிரேக் திறந்த காலத்துக்கு வெவ்வேறு ஆய்வாளர்கள் 4.9 கோடி முதல் 1.7 கோடி வரை தேதி சொல்லியிருக்கிறார்கள். டேப்பில் வைத்துப் பாருங்கள், 32 சென்ரிமீற்றர் இடைவெளி! பனி வந்த பிறகுதான் ஆழமான வாயில் திறந்தது என்றால், வாயில் எப்படிக் காரணமாக முடியும்?

2003 இல் காலநிலை ஆய்வாளர்களான ரொபர்ட் டிகொன்டோவும் டேவிட் பொலார்டும் கணினி மாதிரியில் இதைச் சோதித்தார்கள். வளிமண்டலக் காபனீரொட்சைட்டு, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவின் ஏறத்தாழ இரண்டரை மூன்று மடங்குக்குக் கீழே இறங்கியதும் அந்தாட்டிக்கா உறைந்தது. வாயில் திறந்திருந்தால் அது சற்று முன்னதாக நடந்தது, மூடியிருந்தால் சற்றுப் பிந்தி. என் கணிப்பும் இதன் பக்கம்தான் சாய்கிறது: பெரிய தள்ளுகை காபனீரொட்சைட்டின் வீழ்ச்சி, எந்த நேரத்தில், எவ்வளவு எளிதாக என்பதை முடிவு செய்ததில் கடல்வாயில்களுக்குப் பங்கு உண்டு. டிரேக் திறந்ததால் அந்தாட்டிக்கா உறைந்தது என்று ஒரே வரியில் எழுதுகிற குறிப்புகளைக் கண்டால், ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள்.

ஐந்தாம் படி: பனாமா, கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திய கதவு

இங்கே வாயில் மூடுகிறது. ஒரே நாளில் அல்ல. முதலில் கடலடி உயர்ந்து ஆழ்நீரின் வழி அடைபட்டது. பிறகு ஆழமில்லாத நீர் மட்டும் தீவுகளுக்கு நடுவே போய்வந்தது. 47 இலட்சம் முதல் 42 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கரிபியன் பக்கத்து மேற்பரப்பு நீரில் உப்புக் கூடியதாகக் கடலடியில் படிந்த நுண்ணிய ஓடுகளின் பதிவுகள் காட்டுகின்றன. வியாபாரக் காற்று அத்திலாந்திக்கின் நீராவியைப் பூசந்திக்கு (இரண்டு அமெரிக்காவையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்துக்கு) மேலால் பசுபிக் பக்கம் கொண்டுபோய் மழையாகக் கொட்டுகிறது. உப்பு இந்தப் பக்கமே தங்கிவிடுகிறது. முன்பு பசுபிக்கின் உப்புக் குறைந்த நீர் உள்ளே வந்து அதை ஈடுசெய்தது. கதவு சாத்தியதும் அதற்கு வழியில்லை. இன்றும் அத்திலாந்திக்தான் பசுபிக்கைவிட உப்பான சமுத்திரம்.

உப்பான நீர் வடக்கே போய்க் குளிர்ந்தால் பாரமாகி அமிழும். அது அமிழ்ந்தால் பின்னால் இன்னும் சூடான நீர் இழுபட்டு வரும். இப்படி வட அத்திலாந்திக்கின் சுழற்சி வலுத்தது என்பது பொதுவான விளக்கம். அதனால் வடக்கே ஈரப்பதன் கூடி, பனிப்பொழிவு பெருகி, 27 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வடதுருவப் பக்கத்துப் பனிப்படலங்கள் வளர்ந்தன என்றும் சொல்வார்கள். ஆனால் சூடான நீர் வந்தால் பனி கரையவும் வேண்டுமே. இந்த முரணை இன்னும் விவாதிக்கிறார்கள். இங்கும் காபனீரொட்சைட்டின் இறக்கம் பின்னணியில் இருக்கிறது.

காலத்திலும் சண்டை உண்டு. 2015 இல் ஒரு குழு, தென்னமெரிக்க ஆற்றுப் படிவுகளில் பனாமாப் பாறையின் சிர்க்கோன் என்ற கனிமத்தின் மணிகள் 1.3 முதல் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வந்து சேர்ந்திருப்பதைக் காட்டி, நிலம் அப்போதே தொட்டுவிட்டது என்றது. அடுத்த வருடமே இன்னொரு பெரிய குழு, முழுமையாக மூடியது சுமார் 28 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று பதில் எழுதியது. எனக்கு இதில் இரண்டு பக்கமும் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. ஓரிடத்தில் நிலம் தொடுவதும், கடைசி ஆழமற்ற வாய்க்கால் அடைவதும் வெவ்வேறு நாள் நடக்கும் காரியங்கள்.

ஆறாம் படி: மற்ற வாயில்களை வேகமாகச் சுற்றி வாருங்கள்

ஜிப்ரால்டர் பக்கத்து வழிகள் நில உயர்வால் அடைபட்டபோது, 59.7 முதல் 53.3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், மத்தியதரைக் கடலில் ஆவியாகிப் போன நீருக்கு ஈடாக நீர் வரவில்லை. சில இடங்களில் ஒரு கிலோமீற்றருக்கும் மேல் தடிப்பான உப்புப் படிந்தது. 1970 இல் குளோமர் சலஞ்சர் கப்பல் கடலடியைத் துளைத்தபோது அந்தக் கதை வெளியே வந்தது. இன்று அங்கே உங்கள் ஐஸ்கிறீம் பெட்டியில் நடந்ததுதான் நடக்கிறது: மேலே அத்திலாந்திக் நீர் உள்ளே, அடியில் உப்பான நீர் வெளியே, நடுவே சுமார் 300 மீற்றர் ஆழத்தில் ஒரு வாசற்படி.

இந்தோனேசிய வாயில் நம் சமுத்திரத்துக்குச் சொந்தமானது. பசுபிக்கிலிருந்து ஏறத்தாழ 15 ஸ்வேர்ட்ரப் நீர் அந்தத் தீவுகளுக்கு நடுவால் இந்து சமுத்திரத்துக்கு வருகிறது. நியூ கினி வடக்கே நகர்ந்ததால், 30 முதல் 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், தென் பசுபிக்கின் சூடான நீருக்குப் பதில் வட பசுபிக்கின் குளிர்ந்த நீர் வரத் தொடங்கியது, அதனால் இந்து சமுத்திரம் குளிர்ந்து கிழக்காபிரிக்கா வரண்டது என்று 2001 இல் மார்க் கேனும் பீட்டர் மோல்னரும் முன்வைத்தார்கள்.

பெரிங் நீரிணைக்குச் சுமார் 50 மீற்றர்தான் ஆழம். பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீற்றர் இறங்கியபோது தானாகவே மூடியது. அதே காரணத்தால் பாக்கு நீரிணையும் காய்ந்து, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கால் நனையாமல் நடக்கக்கூடிய நிலமாக இருந்தது.

ஏழாம் படி: இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேளுங்கள்

போராமினிபெரா என்று மணல்மணி அளவு உயிரிகள் கடலில் வாழ்கின்றன. கல்சியம் காபனேற்றால் ஓடு கட்டும். செத்தபின் அடியில் படியும். ஓட்டில் உள்ள ஒட்சிசனில் இரண்டு சமதானிகளை (ஒரே மூலகத்தின் வெவ்வேறு பாரமுள்ள அணுக்களை) பார்க்க வேண்டும்: இலேசான 16, பாரமான 18. குளிர்ந்த நீரில் கட்டிய ஓட்டில் 18 கூடும். நிலத்தில் பனி பெருகும்போதும் கூடும், ஏனென்றால் இலேசான 16 ஆவியாகிப் போய்ப் பனியில் மாட்டிக்கொள்கிறது. 34 சென்ரிமீற்றர் புள்ளியில் இந்த அளவு சட்டென்று ஏறுகிறது. அந்தாட்டிக்காவின் பனியை உலகம் முழுவதும் கடலடி ஓடுகள் பதிந்து வைத்திருக்கின்றன.

இந்த ஓடுகள் உள்ள சேற்றை மேலே எடுத்துவந்த கப்பல்களில் ஒன்றான ஜொய்டிஸ் ரெசலூஷன், 2015 இல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்துபோனது. நடுவில் கோபுரம்போல் துளையிடும் சட்டம் நிற்கும் கப்பல். வங்காள விரிகுடாப் பயணத்தை இங்கே முடித்து, அரபிக் கடல் பயணத்தை இங்கிருந்து தொடங்கியது. அந்த வருடக் கடைசியில் மாலைதீவைத் துளைத்துவிட்டு மறுபடி கொழும்புக்கே வந்தது. மாலைதீவில் கிடைத்தது அருமையான விடயம்: பவளத் திட்டுகளுக்கு இடையே உள்ள வாயில்களால் பருவக்காற்று தள்ளிய நீரோட்டம் குவித்த படிவுகள், 1.29 கோடி ஆண்டுகளுக்கு முன் திடீரென்று தொடங்குகின்றன. நமக்கு மே மாதத்தில் மழை கொண்டுவரும் அதே தென்மேல் பருவக்காற்றின் வயது அந்தச் சேற்றில் எழுதியிருக்கிறது. 2024 இல் அந்தக் கப்பலின் துளையிடும் பயணங்கள் முடிந்துவிட்டன என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். எடுத்த மாதிரிகள் களஞ்சியங்களில் பத்திரமாக இருக்கின்றன, ஆய்வுகள் தொடர்கின்றன.

எட்டாம் படி: இனி நீங்களே வாசிக்கும்போது

எந்தக் கட்டுரை கையில் வந்தாலும் ஒரு பக்கத்தில் நான்கு விடயம் எழுதுங்கள்: எந்த வாயில், எந்தக் காலம், படியின் ஆழம், சான்று ஓட்டிலிருந்தா பாறையிலிருந்தா கணினி மாதிரியிலிருந்தா. கட்டுரை ஆழத்தைச் சொல்லாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள், நீங்களாக நிரப்ப வேண்டாம். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. உட்கார்ந்து குறிப்பெடுக்க அமைதியான இடம்.

ஓடுகளை நேரில் பார்க்க ஆசை இருந்தால், பவளப்பாறைக்குப் பக்கத்துக் கரைக்குப் போகும்போது ஒரு கைப்பிடி மணல் கொண்டுவாருங்கள். நன்னீரில் கழுவிக் காயவைத்து, கறுப்புத் தாளில் தூவி, பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் பொறுமையாகத் தேடுங்கள். சுருள் சுருளாக, அறை அறையாகத் தெரிந்தால் அது போராமினிபெராவாக இருக்கலாம். மணலில் ஒரு சிட்டிகை எடுத்து வினாகிரி விட்டால் காபனேற்று ஓடுகள் நுரைக்கும், படிகக்கல் மணல் சும்மா கிடக்கும். நல்ல ஓடுகளை அதற்கு முன்பே ஈரத் தூரிகையால் பொறுக்கி எடுத்து, எடுத்த இடத்தையும் திகதியையும் எழுதிய சிறு சீசாவில் போட்டுவையுங்கள்.